பசலை, சோகை, விழிப்புணர்வு

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் தொழிற்சாலைகளுக்கு நடுவே உள்ள ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். காலையில் எங்கள் கல்லூரிப் பேருந்து கம்பெனிப் பேருந்துகளின் பின்னால்தான் ஊர்ந்து வரும். இரண்டிலும் அதே வயதுப் பெண்கள். இதில் இருப்பவள் தங்கை, அதில் இருப்பவள் அக்கா. அக்காவின் சம்பளத்தில் தங்கை படிக்கிறாள். இங்கே ஆசிரியராக இருக்கும் எவருக்கும் தெரிந்த கணக்கு இது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவிகள் ரத்தசோகை விழிப்புணர்வு நாள் ஒன்றை நடத்தினார்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகளும் இளைஞர் செஞ்சிலுவைச் சங்க மாணவிகளும் சேர்ந்து ஒரு மாதம் உழைத்தார்கள். கோலப்போட்டி, உணவுக் கடைகள், சிறு நாடகம், ஒரு ரத்ததான முகாம். கடைகளில் சேரும் பணத்தில் கடலைமிட்டாயும் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரைப் பொடியும் வாங்கிப் பொட்டலம் கட்டி, தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருக்கும் விடுதிகளில் கொடுப்பதாகத் திட்டம். நாடகத்துக்கும் அழைப்பிதழுக்கும் நான் பொறுப்பாசிரியர். அழைப்பிதழின் மேல் அச்சான நான்கு வரிக் கவிதை நான் எழுதியது. ஆகவே இந்தக் கட்டுரையில் குறை என்று எதைச் சொன்னாலும் அதில் எனக்கும் பங்குண்டு.

முகாமிலிருந்து தொடங்குகிறேன். ரத்தம் கொடுக்க வருபவரின் ஹீமோகுளோபின் அளவை முதலில் பார்ப்பார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை நீல நிறத் தாமிர சல்பேட் கரைசலில் விடுவார்கள். பதினைந்து விநாடிக்குள் துளி மூழ்கினால் ரத்தம் கொடுக்கலாம். மிதந்தால் முடியாது. இந்தியாவில் ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தபட்ச அளவு டெசிலிட்டருக்கு 12.5 கிராம். எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் எடுக்க மாட்டார்கள்.

வரிசையில் உற்சாகமாக நின்ற மாணவிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலருக்கு எடை போதவில்லை. பலருக்குத் துளி மிதந்தது. முதலில் சிரித்தார்கள். 'உனக்கு மிதந்துச்சா, எனக்கும்தான்.' போகப்போகச் சிரிப்பு அடங்கியது. நிகழ்ச்சியை நடத்துகிற பெண்களே அந்த நோயோடு இருக்கலாம் என்பது அந்த மேசைக்கு முன்னால்தான் தெரிந்தது. ஒலிபெருக்கியில் இன்னொரு மாணவி, 'கீரை சாப்பிடுங்கள், சோகையை விரட்டுங்கள்' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் காலையில் துளி மிதந்திருந்தது.

துளி மிதந்தவர்கள் எல்லோரும் நோயாளிகள் இல்லை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 12.2 இருக்கிற பெண்ணின் துளியும் அந்தக் கரைசலில் மிதக்கும். ஆனால் 12.2 இருப்பவள் யார், 8 இருப்பவள் யார் என்று சொல்வது அந்தச் சோதனையின் வேலை இல்லை. அவளுடைய ரத்தம் இன்னொருவருக்கு உதவுமா என்பதுதான் அதன் கேள்வி. அவளுக்கே போதுமா என்பது அங்கே எழவில்லை. முகாம் நடத்த வந்தவர்கள் தங்கள் கடமையைச் சரியாகச் செய்தார்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் அப்போது நாடகத்துக்கு மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நாடகத்தை இப்போது ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கிறேன். கதாநாயகி தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண். காலையில் சாப்பிடாமல் கைப்பேசி பார்க்கிறாள். கீரை என்றால் முகம் சுளிக்கிறாள். ஒருநாள் வேலையில் மயங்கி விழுகிறாள். வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர் வந்து கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு அவளைக் கண்டிக்கிறார். அடுத்த காட்சியில் அவள் முருங்கைக்கீரை சாப்பிடுகிறாள். கடைசிக் காட்சியில் ஆடுகிறாள். எட்டு நிமிடம். நல்ல கைதட்டல்.

நாடகத்தில் அவள் எத்தனை மணிக்கு எழுகிறாள் என்பது வரவில்லை. ஆறு மணி ஷிப்டுக்கு நாலரைக்கே பேருந்துக்கு நிற்கும் பெண் எப்போது சமைப்பாள், எப்போது சாப்பிடுவாள் என்பதும் வரவில்லை. அவளுக்கு மாதவிடாய் வரவில்லை. தொழிற்சாலைக் காட்சியில் தொழிற்சாலையே இல்லை. மயங்கி விழ ஒரு தரை மட்டும் இருந்தது. இரும்பும் அலுமினியமும் வந்து காராகவும் கைப்பேசியாகவும் ஆகிப் போகிற இந்தச் சாலையில், ஒரு பெண்ணின் உடம்பில் இரும்பு இல்லாமல் போவதற்கு அவளுடைய நாக்கின் ருசிதான் காரணம் என்று மேடையில் சொல்லிவிட்டோம். அவள் முழு நாடகத்திலும் பேசிய வசனம் இரண்டுதான். ஒன்று 'எனக்குக் கீரை பிடிக்காது'. மற்றது 'நன்றி டாக்டர்'. அந்தப் பிரதியைத் திருத்திக் கொடுத்தது நான். ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தினேன்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் பொட்டலங்களோடு ஒரு விடுதிக்குப் போனோம். காலை பத்து மணி. மாணவிகள் பறையும் பதாகையும் கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் நின்று முழக்கம் தொடங்கியதும் மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. தலைமுடி கலைந்த ஒரு பெண் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "தங்கச்சி, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பதான் படுத்தோம். கொஞ்சம் மெதுவா."

மாணவிகள் உடனே நிறுத்திவிட்டார்கள். பொட்டலங்களைக் காவலாளியிடம் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். பேருந்தில் யாரும் பாடவில்லை.

விழிப்புணர்வு என்ற சொல்லை அன்றைக்குத்தான் சொல்லாகப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குள் ஒருவர் தூங்குகிறார், இன்னொருவர் எழுப்புகிறார். தூங்குகிறவர் யார் என்பதை எழுப்புகிறவர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். எங்கள் பதாகை தூங்குகிறவள் என்று நினைத்தது இரவு முழுவதும் விழித்திருந்த ஒரு பெண்ணை. தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் செல்லாது என்று அறிவித்தது. சமத்துவம் என்ற அளவில் அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறவள். ஆனால் இரவு வேலைக்குக் கதவு திறந்தபோது, இரவில் வேலை செய்த உடம்பு பகலில் தூங்குவதற்கான ஏற்பாடு கூடவே வந்ததா என்று கேட்கத்தானே வேண்டும்?

இந்த இடத்தில் என் பாடத்துக்கு வருகிறேன். பெண்ணின் வெளுப்பை நம் மொழி நெடுங்காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பசலை என்று பெயர். குறளில் அதற்கென்று 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. நிறம் மாறுவது, மேனி வாடுவது, தோள் மெலிந்து வளை கழல்வது, இவையெல்லாம் அகப்பாடல்களில் பிரிவின் அடையாளங்கள். என் முனைவர் பட்ட ஆய்விலும் ஒரு பெரிய பகுதி இதைப் பற்றியதுதான். இருபது ஆண்டுகளாக வகுப்பில் பசலையை அழகாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு உதிரப்போக்கு அதிகமாகி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியபோது, வேலைப்பளு என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டிருந்தேன். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.9. கருப்பையில் நார்க்கட்டி. பசலையைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவளுக்குத் தன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பசலையைச் சோகை என்று மாற்றிப் படிக்கச் சொல்லவில்லை. அது கவிதையின் குறியீடு, மருத்துவக் குறிப்பு இல்லை. ஆனால் வாடிய பெண்ணைச் சுற்றி ஊர் என்ன செய்கிறது என்பதை அந்தப் பாடல்கள் மிகக் கூர்மையாகக் கவனித்திருக்கின்றன. மகள் வாடுகிறாள். தாய் பதறுகிறாள். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். வேலன் கழங்கு உருட்டிப் பார்த்து, இது முருகனால் வந்தது என்கிறான். களம் அமைக்கிறார்கள். மாலை தொங்கவிடுகிறார்கள். ஆட்டை வெட்டுகிறார்கள். இரவு முழுக்க முழவு, ஆட்டம். இதுதான் வெறியாட்டு. ஊரே கூடி ஒரு நோய்க்காக எடுக்கும் நிகழ்ச்சி. எல்லோருக்கும் அதில் வேலை இருக்கிறது. நோயுற்றவளிடம் மட்டும் யாரும் எதையும் கேட்பதில்லை. காரணம் அவளுக்குத் தெரியும், அவள் தோழிக்கும் தெரியும்.

வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெண்பாற் புலவருக்கு அந்த அடைமொழியே இந்த வெறியாட்டைப் பாடியதால் வந்தது. அகநானூற்றில் அவருடைய பாடல்கள் இரண்டு, 22உம் 98உம். முதல் பாடலில் ஊர் வெறியாடி முடிக்கிறது. இரவில் தலைவன் யாருமறியாமல் வந்து போக, தலைவி தேறுகிறாள். தொடர்பே இல்லாத வேலன் வீணாகப் பட்ட பாட்டை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வருகிறது.

98ஆம் பாடலில் சிரிப்பு இல்லை. அங்கே தலைவி இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறாள். வெறியாடிய பிறகும் மேனி பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் மறைத்து வைத்தது ஊர் அறிந்த அலராகிவிடும். ஒருவேளை திரும்பிவிட்டால் இன்னும் மோசம். அவளுடைய நோய் தன்னால் வந்ததில்லை போலும் என்று தலைவன் நினைத்துவிடுவான். சடங்கு தோற்றாலும் அவளுக்கு இழப்பு, வென்றாலும் அவளுக்கு இழப்பு. காரணத்தைத் தொடாத சிகிச்சை நோயாளியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

இந்தப் பாடலைப் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது, விடுதியிலிருந்து திரும்பிய வாரத்தில், நாடகத்தில் மருத்துவராக நடித்த மூன்றாமாண்டு மாணவி வந்து பேசியபோதுதான். அவளுக்கும் முகாமில் துளி மிதந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்ததில் 8.6. அவள் அக்கா கைப்பேசி உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள்.

"நாங்க தெரியாதவங்கன்னு நெனச்சு நாடகம் போட்டோம் மேம். எங்கக்காவுக்கு மூணு வருசமாத் தெரியும், ரத்தம் கம்மின்னு. தெரிஞ்சு என்ன மேம் பண்றது?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். லைனில் நிற்கும் அக்கா கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் அந்த இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். வருவதற்கு நேரமாகும் என்பதால் தண்ணீரைக் குறைத்துக்கொண்டாள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலச்சிக்கல் வருகிறது, வயிறு புரட்டுகிறது. அறையில் அத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டாள். உதிரம் அதிகம் போகிறது. மகப்பேறு மருத்துவரைப் பார்க்க ஒருநாள் விடுப்பு வேண்டும். விடுப்பு எடுத்தால் அந்த மாத வருகைப் படி போய்விடும். எல்லாவற்றையும்விட ஒரு பயம்: "கம்பெனியில ரத்தம் டெஸ்ட் பண்ணி கம்மின்னு எழுதிட்டா வேலைக்கு ஆகமாட்டான்னு எடுத்துடுவாங்களோ. கம்மியே இல்லன்னு வந்துட்டா, அப்புறம் ஏன் டயர்டுன்னு சொல்றேன்னு கேப்பாங்க."

98ஆம் பாடல் எனக்கு விளங்கியது அங்கேதான். சோதனையில் குறை தெரிந்தாலும் இழப்பு, தெரியாவிட்டாலும் இழப்பு. அவளுக்கு வேண்டியிருந்தது விழிப்புணர்வு இல்லை. சோதனை முடிவு தனக்கு எதிராகத் திரும்பாது என்ற உறுதியும், மருத்துவரிடம் போக ஒருநாளும், ஒரு கழிப்பறையும்தான்.

அகப்பாடல்களில் இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற ஒரு வழி உண்டு. அதன் பெயர் அறத்தொடு நிற்றல். தோழி வாய் திறக்கிறாள். செவிலியிடம் காரணத்தைச் சொல்கிறாள். அதைச் சொல்லும் முறைகளைத் தொல்காப்பியம் ஏழாக வகுக்கிறது. அவற்றில் ஒன்று 'உண்மை செப்பும் கிளவி', அதாவது உள்ளதை உள்ளபடி சொல்வது. தோழி யாரிடம் பேசுகிறாள் என்பதை வகுப்பில் நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். தலைவிக்கு அவள் அறிவுரை சொல்வதில்லை. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களை நோக்கித்தான் பேசுகிறாள். அந்தப் பாடல்களில் அது திருமணத்தில் போய் முடிகிறது என்ற எல்லை உண்டு. அந்த முடிவை நான் கொண்டாடவில்லை. பேச்சின் திசையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தத் திசையில் பேச்சு நடந்த நாள் ஒன்று எங்கள் சாலையிலேயே உண்டு. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்பது விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றது. பலர் பிடித்துச் செல்லப்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்டார்கள். ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன்னுடைய தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மறுபடி திறந்தது.

அந்தப் பெண்களிடம் பதாகை இல்லை. நல்ல வாசகம் எழுதித்தர ஒரு தமிழாசிரியர் இல்லை. ஆனாலும் ஒரு நோயைப் பற்றி இந்தப் பகுதி கண்ட மிகப் பெரிய விழிப்புணர்வு நிகழ்ச்சி அதுதான் என்பேன். ஏனென்றால் அது எழுப்பியது தூங்கிக்கொண்டிருந்தவர்களை. விடுதி என்பது தொழிற்சாலைக்கு வெளியே உள்ள யாரோ ஒப்பந்தக்காரரின் விவகாரம் என்று இருந்தது, உற்பத்தியின் பகுதியாகப் பார்க்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பைச் சிப்காட் கட்டி, முதலமைச்சர் திறந்து வைத்தார். கட்டடம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பது பேச வேண்டிய விஷயமானதற்கு அந்தப் பெண்கள் சாலையில் உட்கார வேண்டியிருந்தது.

எங்கள் நிகழ்ச்சியில் நீல மாத்திரையைப் பற்றியும் பேசினோம். வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை பள்ளியில் தருகிற மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பு, அதோடு ஃபோலிக் அமிலம். எங்கள் மாணவிகள் எல்லோரும் பள்ளியில் அதை வாங்கியவர்கள். பாதிப் பேர் ஜன்னல் வழியாக எறிந்தவர்கள். அந்த மாத்திரையின் வரலாற்றை நாங்கள் சொல்லவில்லை. அதில் இருக்கும் ஃபோலிக் அமிலத்தின் கதை பம்பாயின் நெசவாலைப் பெண்களிடம் தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பமுற்ற ஆலைத் தொழிலாளிகளிடம் கண்ட கடுமையான ரத்தசோகைக்குக் காரணம் தேடி பம்பாய் வந்தார். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எந்தப் பொருளாதார நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்தார். வறுமையான உணவு உண்ட பெண்களிடமே நோய் மிகுந்திருந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் விலங்குகளை வைத்து ஆய்வைத் தொடர்ந்தார். சென்னையில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கும் அன்றைய கோஷா மருத்துவமனையிலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒன்று இந்த நோயைத் தீர்க்கிறது என்று 1931இல் வெளியிட்டார். அந்த 'ஏதோ ஒன்று' பின்னால் ஃபோலேட் என்று அறியப்பட்டது.

காலனிய காலத்து ஆய்வில் அந்தப் பெண்களின் பெயர்கள் இல்லை, அது ஒரு குறைதான். ஆனால் கேள்வி சரியான இடத்தில் தொடங்கியது: நீ என்ன வேலை செய்கிறாய், உனக்கு என்ன கிடைக்கிறது? கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து ஆலைப் பெண்களுக்காகவே நாடகம் போட்ட நாங்கள் அந்த இடத்துக்குப் போகவில்லை. இதற்கிடையில், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் 55. மாநிலத்தின் பாதிப் பெண்களுக்கு ஒரே நேரத்தில் கீரை பிடிக்காமல் போயிருக்க முடியாது.

ஒரு நிகழ்ச்சியிலிருந்து கோரிக்கை எப்படிக் கழன்றுபோகிறது என்பதற்கு வெளியிலிருந்து ஓர் உதாரணம். மார்பகப் புற்றுநோயின் இளஞ்சிவப்பு ரிப்பனை எங்கள் மாணவிகளுக்கும் தெரியும். அதற்கு முன் ஒரு ரிப்பன் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் சார்லட் ஹேலி என்ற அமெரிக்க மூதாட்டி, தன் குடும்பத்துப் பெண்கள் பலர் அந்த நோயால் பாதிக்கப்பட்டதைப் பார்த்து, வெளிர் ஆரஞ்சு நிற ரிப்பன்களைத் தன் வீட்டிலேயே செய்தார். ஒவ்வொன்றோடும் ஓர் அட்டை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் நிதியில் ஐந்து விழுக்காட்டை மட்டுமே தடுப்புக்குச் செலவிடுகிறது, சட்டமன்றத்தில் இருப்பவர்களை எழுப்ப இதை அணியுங்கள் என்பது அதன் செய்தி. 1992இல் ஒரு பெண்கள் பத்திரிகையும் எஸ்டீ லாடர் என்ற அழகுசாதன நிறுவனமும் ரிப்பன் வழங்கத் திட்டமிட்டபோது, அந்தப் பத்திரிகை அவரோடு சேர விரும்பியது. வணிகமாகிவிடும் என்று அவர் மறுத்தார். நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். ரிப்பன் உலகெங்கும் போனது, அட்டை போகவில்லை. ஹேலி எழுப்ப நினைத்தது நிதி ஒதுக்குகிறவர்களை. இளஞ்சிவப்பு ரிப்பன் எழுப்புவது பெண்களை.

மாணவிகள் செய்ததெல்லாம் வீண் என்று இதைப் படிக்கும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முகாம் நடக்காமல் இருந்திருந்தால் அந்த 8.6 தெரிந்திருக்காது. வெயிலில் நின்று பஜ்ஜி போட்டு ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்த கைகளை நான் பார்த்திருக்கிறேன். பெண்கள் கூடி ஒரு காரியத்தை நடத்திப் பழகுவதே எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை. என் விமர்சனம் அவர்கள் பேச்சு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதைப் பற்றியது. அதைத் திருப்பிவிட்டவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான். கோலத்துக்கும் நாடகத்துக்கும் அனுமதி உடனே கிடைக்கும். கேள்விக்குக் கிடைக்காது. மாணவிகளும் இதைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைகள் நிகழ்ச்சியை வேறு மாதிரி நடத்தப் பார்த்தார்கள். விடுதிக்குப் பறை எடுத்துப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, பெண்கள் துணி காயப்போடும் நேரத்தில், ஒரு நோட்டுப்புத்தகத்தோடு போனார்கள். சொன்னதை எழுதிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து ஒரு பக்கத் துண்டறிக்கை உருவானது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு சாப்பிடக் கூடாது, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் உடம்பில் நன்றாக ஏறும். வயிறு புரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் வேறு மாத்திரை கேட்கலாம். உதிரம் அதிகம் போவது தானாகச் சரியாகும் என்று விடக் கூடாது. ஈஎஸ்ஐ உள்ளவர்கள் தகுதிக்குரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் நோய்க்கால விடுப்புக்கு 70 விழுக்காடு சம்பளம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்டவர்களுக்கு ஈஎஸ்ஐ கிடையாது. ஆகவே தன் நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொருத்தியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது அறிக்கையின் ஒரு பக்கம். மறுபக்கம் பெண்களுக்கு எழுதியது இல்லை. விடுதி நடத்துகிறவர்களுக்கும் நிர்வாகங்களுக்கும் எங்கள் கல்லூரிக்கும் எழுதியது. எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை? லைனில் எத்தனை பேருக்கு ஒரு ரிலீவர்? ரத்தப் பரிசோதனை முடிவை யார் பார்ப்பார்கள்? அதைக் காரணம் காட்டி யாரையும் நிறுத்த மாட்டோம் என்று எழுதித் தருவீர்களா? கல்லூரிக்கு ஒரு கேள்வி: முதல் பேருந்தில் சாப்பிடாமல் வருகிறவர்களுக்கு உணவகம் ஏன் பத்து மணிக்குத்தான் திறக்கிறது?

முதல் பக்கத்தை அச்சிடக் கல்லூரி பணம் கொடுத்தது. இரண்டாம் பக்கத்தை நீக்கச் சொன்னார்கள். கல்லூரிக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைவாய்ப்பு முகாம் சார்ந்த உறவு இருக்கிறதே என்றார்கள். நான் வாதாடினேன், தோற்றேன். மாணவிகள் இரண்டாம் பக்கத்தைக் கையால் எழுதி நகலெடுத்தார்கள். உணவகம் இப்போது எட்டரைக்குத் திறக்கிறது. மற்ற கேள்விகளுக்கு இன்னும் பதில் இல்லை.

நாடகத்தையும் மாற்றி எழுதினார்கள். வெள்ளை அங்கி மருத்துவர் இல்லை. அக்காவும் தங்கையும் மட்டும். அக்கா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, தன் ஒருநாளை மணிக்கணக்கில் சொல்கிறாள். தங்கை எழுதிக்கொள்கிறாள். ஆட்டம் இல்லை, குணமாவதும் இல்லை. சென்ற முறை வந்த அளவுக்குக் கைதட்டல் வரவில்லை. முன் வரிசை விருந்தினர்கள் கைப்பேசி பார்த்தார்கள். பின் வரிசையில் மாணவிகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பருவத்தில் அகநானூறு 98ஐ மறுபடி நடத்தினேன். பசலையின் அழகை விளக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டேன்: இந்தப் பாட்டில் தலைவியிடம் யாராவது ஏதாவது கேட்கிறார்களா? வகுப்பு சற்று நேரம் பாட்டைத் தேடியது. இல்லை என்றார்கள். பிறகு பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேம், நாங்க போன வருசம் கேட்டோம்" என்றாள்.